எட்டுக் கல்லூரிப் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்

வாசகி கேள்வி: பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 5 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வயது 28. என் கீழ் 6 பேர் இருக்கிறார்கள். பொறியியல் பட்டத்தில் மதிப்பெண் சுமார்தான். இரண்டாம் ஆண்டில் 2 பாடங்களில் அரியர் விழுந்து, பிறகு எழுதித் தேறினேன். வெளிநாட்டில் எம்பிஏ முடித்துவிட்டு கன்சல்டிங் அல்லது புராடக்ட் மேனேஜ்மென்ட் பக்கம் போக ஆசை. எம்பிஏ நுழைவுத் தேர்வான ஜிமேட்டின் மாக் டெஸ்டில் 595 வந்தது. தரவரிசையில் முதல் 10 இடங்களிலிருந்து 8 கல்லூரிகளை எழுதி வைத்திருக்கிறேன். இப்போது நவம்பர். ஜனவரி சுற்றுக்கே விண்ணப்பிக்கலாமா, அடுத்த செப்டம்பர் வரை பொறுக்கலாமா? ஓராண்டுப் படிப்பா, ஈராண்டா? பரிந்துரைக் கடிதம் கேட்டால் மேலாளர், "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். படிப்பு முடிந்த மறுமாதம் எந்த வேலையில் போய் உட்காரப் போகிறீர்கள்? இதற்கு ஒரு வரியில் விடை வந்துவிட்டால் எங்கே சேர வேண்டும், எப்போது, எத்தனை ஆண்டு என்பதெல்லாம் பாதி தீர்ந்துவிடும். அட்மிஷன் கமிட்டியும் உங்கள் கட்டுரையில் தேடுவது அந்த வரியைத்தான். கல்லூரியில் சேர்வதும் கல்லூரியைத் தேர்வதும் இரண்டு வேலைகள் என்று பலர் நினைத்து, முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று இறங்குகிறார்கள். உண்மையில் இரண்டும் ஒரே வேலை.

"கன்சல்டிங் அல்லது புராடக்ட் மேனேஜ்மென்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "அல்லது" உங்களுக்குச் சிறிய சொல்லாகத் தெரியலாம். ஆனால் இந்த இரண்டு துறைகளும் ஆள் எடுக்கும் முறையே வேறு. மெக்கின்ஸி, பிசிஜி, பெய்ன் போன்ற, பிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து, வகுப்பு தொடங்கிய சில மாதங்களிலேயே நேர்முகத்தை முடித்துவிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் பிரச்சினையைக் கொடுத்து அங்கேயே தீர்க்கச் சொல்லும் கேஸ் இன்டர்வியூ என்ற ஒரே வகைத் தேர்வுக்கு நீங்கள் பழக வேண்டும். ஒரு பொருளை யாருக்காக, எப்படி உருவாக்குவது என்று தீர்மானிக்கும் புராடக்ட் வேலைகளோ பெரும்பாலும் காலியிடம் வரும்போது திறக்கும். படிப்பின் கடைசி மாதங்களில், சில நேரம் பட்டம் வாங்கிய பிறகு, நீங்களே ஆள் தேடிப் பேசிப் பிடிக்க வேண்டும். மென்பொருள் பக்கம் முன்னனுபவம் இல்லாதவரை எடுக்கத் தயங்குவார்கள். ஒன்றுக்கு ஏற்ற கல்லூரி மற்றொன்றுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. எம்பிஏ வழியாக வேலை மாறும்போது மூன்று விஷயங்கள் மாறலாம்: செய்யும் வேலை, தொழில்துறை, நாடு. ஒன்று மட்டும் மாறினால் எளிது. இரண்டு மாறினால் நடுவில் ஓர் இன்டர்ன்ஷிப் வேண்டும். மூன்றையும் ஒரே தாவலில் மாற்ற முயல்பவர்கள்தான் படிப்பு முடிந்தும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களில் அதிகம். பம்ப் நிறுவனத்தின் தரப் பொறியாளர், வேறொரு நாட்டில், மென்பொருள் நிறுவனத்தின் புராடக்ட் மேனேஜர் ஆவது மூன்றும் மாறும் பாதை. அதே பொறியாளர் உற்பத்தி, சப்ளை செயின் சார்ந்த ஆபரேஷன்ஸ் கன்சல்டிங்கில் நுழைந்தால் தொழில்துறை அறிவு கையோடு வரும். அல்லது தொழிற்சாலைக் கருவிகள், சென்சார்கள் செய்யும் நிறுவனத்தில் புராடக்ட் பக்கம் போகலாம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் முதல் இலக்காக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். ஆசையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. நீண்டகால இலக்கு எவ்வளவு பெரியதாகவும் இருக்கட்டும். முதல் படி மட்டும் உங்கள் கால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜனவரியா, செப்டம்பரா?

பொறுங்கள். என் பதில் அதுதான்.

பெரும்பாலான ஈராண்டுப் படிப்புகளுக்கு மூன்று சுற்றுகள் உண்டு. முதல் சுற்று செப்டம்பர் முதல் அக்டோபர் தொடக்கம் வரை, இரண்டாவது ஜனவரி தொடக்கத்தில், மூன்றாவது மார்ச், ஏப்ரல் வாக்கில். முதல் இரண்டு சுற்றுகளுக்கும் இடையே வாய்ப்பில் பெரிய வேறுபாடு இல்லை. அரைகுறையாக முதல் சுற்றில் போடுவதைவிடச் சரியாகத் தயாரித்து இரண்டாம் சுற்றில் போடுவதே மேல். மூன்றாவது சுற்றில் இடங்களும் உதவித்தொகையும் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், விசாவுக்கும் நேரம் நெருக்கும். வெளிநாட்டு மாணவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து ஜனவரி என்பது 9 வாரம். அதற்குள் ஜிமேட் ஸ்கோரை உயர்த்தி, 8 கல்லூரிகளுக்குக் கட்டுரை எழுதி, பரிந்துரைப்பவரையும் தயார்படுத்துவது நடக்காது. ஒரு நல்ல விண்ணப்பத்துக்கு 30 முதல் 40 மணி நேரம் உழைப்பு வேண்டும். "சும்மா போட்டுப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல கல்லூரிகள் பழைய விண்ணப்பத்தைக் கோப்பில் வைத்திருக்கின்றன. மறுமுறை வரும்போது "சென்ற முறைக்குப் பிறகு என்ன மாறியது?" என்று தனியாகக் கேட்பார்கள். அவசரத்தில் எழுதிய கட்டுரை அடுத்த ஆண்டும் உங்களோடு வந்து நிற்கும்.

இன்னொன்று: எல்லாக் கல்லூரிகளும் இந்த நாட்காட்டியில் ஓடுவதில்லை. பிரான்சின் இன்சியாட் ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஆகஸ்டிலும், மாணவர்களைச் சேர்க்கிறது. ஆகவே ஒவ்வொரு கல்லூரியின் தேதியையும் அதன் சொந்தப் பக்கத்திலேயே பாருங்கள்.

595-ஐ என்ன செய்வது?

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, எல்லா ஸ்கோரும் 5-ல் முடியும். பழையது 200 முதல் 800 வரை, 0-வில் முடியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எந்த அளவு என்று தெரிந்துவிடும். புதிய 645, பெர்சென்டைல் கணக்கில் (எழுதியவர்களில் எத்தனை விழுக்காட்டினரை முந்துகிறீர்கள் என்ற கணக்கில்), ஏறத்தாழ பழைய 700-க்குச் சமம். பழைய கட்டுரைகளில் "700 இருந்தால் போதும்" என்று படித்துவிட்டுப் புதிய 700-ஐத் துரத்தி ஓய்ந்துபோகிறவர்கள் உண்டு.

பட்ட மதிப்பெண் சுமாராக இருப்பதால், நீங்கள் குறிவைக்கும் கல்லூரியின் நடு ஸ்கோரை எட்டியாக வேண்டும், முடிந்தால் ஒரு படி மேலே நிற்க வேண்டும். "இவரால் கணக்கியல், புள்ளியியல் வகுப்புகளைத் தாங்க முடியுமா?" என்ற சந்தேகத்தை நீக்குவதுதான் ஸ்கோரின் வேலை. உங்களுக்கு 655-க்கு மேல் என்பதை முதல் இலக்காக வைக்கிறேன். வாரம் 10 முதல் 12 மணி நேரம் என்று 4 மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் எட்டக்கூடிய தூரம்தான்.

தேர்வு மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். குவான்ட் (கணக்கு) 21 கேள்வி, வெர்பல் (மொழி) 23, டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) 20. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நேரம் மிச்சமிருந்தால் 3 விடைகள் வரை மாற்றலாம். குவான்ட்டில் கால்குலேட்டர் கிடையாது, டேட்டா இன்சைட்ஸில் திரையில் வரும். கேள்விகளை முடிக்காமல் விட்டால் ஸ்கோர் அடிவாங்கும். ஆகவே ஒரு கேள்வியில் 3 நிமிடம் தாண்டினால் ஊகித்துக் குறித்துவிட்டு நகருங்கள்.

மாக் டெஸ்ட் எழுதிக்கொண்டே போவதால் ஸ்கோர் ஏறாது. எழுதிய தேர்வைப் பிரித்துப் பார்ப்பதில்தான் ஏறும். ஒரு நோட்டுப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் எடுத்த நேரம், குறித்த விடை, அது ஏன் சரியென்று பட்டது, எந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை என்று எழுதுங்கள். ஓர் உதாரணம் பாருங்கள். கொடுத்த தகவல் விடை சொல்லப் போதுமா என்று கேட்கும் வகைக் கேள்வி இது.

எக்ஸ் ஒரு முழு எண்ணா? முதல் தகவல்: எக்ஸின் இருமடங்கு முழு எண். இரண்டாம் தகவல்: எக்ஸின் வர்க்கம் முழு எண்.

முதல் தகவல் மட்டும் போதாது, எக்ஸ் அரையாக இருக்கலாம். இரண்டாவது மட்டும் போதாது, 2-இன் வர்க்கமூலமாக இருக்கலாம். இங்கே பலர் "இரண்டும் போதாதவை, சேர்த்தாலும் போதாது" என்று குறித்துவிடுவார்கள். அவர்கள் செய்யாத ஒரு வேலை, பழைய எதிருதாரணங்களை மற்றத் தகவலோடு உரசிப் பார்ப்பது. அரையின் வர்க்கம் கால், அது முழு எண் இல்லை, விழுந்துவிட்டது. 2-இன் வர்க்கமூலத்தை இருமடங்காக்கினால் முழு எண் வராது, அதுவும் விழுந்துவிட்டது. இருமடங்கு ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் வர்க்கம் முழு எண்ணாகவே வராது. எனவே இருமடங்கு இரட்டைப்படைதான், எக்ஸ் முழு எண்தான். இரண்டும் சேர்ந்தால் போதும் என்பதே சரியான விடை. இந்தக் கேள்வியைத் தவறவிட்டவர் நோட்டில் "கணக்குத் தெரியவில்லை" என்று எழுதினால் பயனில்லை. "சேர்த்துப் பார்க்கும்போது பழைய எண்களைச் சோதிக்கவில்லை" என்று எழுத வேண்டும். இப்படி 60, 70 பதிவுகள் சேர்ந்ததும் உங்கள் தவறுகள் நாலைந்து வகைதான் என்பது கண்ணுக்குத் தெரியும்.

அதிகாரபூர்வ மாக் டெஸ்டுகளில் முதல் இரண்டு இலவசம். அவற்றைத் தொடக்கத்திலேயே எரித்துவிடாமல் ஒன்றைத் தேர்வுக்கு 10 நாள் முன்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி எழுத 16 நாள் இடைவெளி வேண்டும், 12 மாதத்தில் 5 முறை எழுதலாம். ஸ்கோர் 5 ஆண்டு செல்லும். டேட்டா இன்சைட்ஸ் எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை என்றால் ஜிஆர்இ என்ற மாற்றுத் தேர்வின் பக்கம் பாருங்கள். அதில் கணக்குப் பகுதியிலேயே கால்குலேட்டர் உண்டு, மொத்தம் 2 மணி நேரத்துக்கும் குறைவு. ஆனால் சொல்வளத்தைச் சோதிக்கும். பெரும்பாலான கல்லூரிகள் இரண்டையும் சமமாக ஏற்கின்றன.

அரியரை எப்படிச் சொல்வது?

மறைக்காதீர்கள், கெஞ்சவும் செய்யாதீர்கள். விண்ணப்பத்தில் "கூடுதலாகச் சொல்ல விரும்புவது" என்று ஓர் இடம் இருக்கும். அங்கே 4 வரி போதும்: எந்தப் பாடம், என்ன நடந்தது, எப்போது தேறினேன், அதற்குப் பிறகு என் கணக்குத் திறனுக்கு என்ன சான்று. அந்தக் கடைசி வரிக்காக மதிப்பெண் தரும் ஒரு படிப்பை இப்போதே முடித்து வையுங்கள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் ஆன்லைன் நடத்தும் "கோர்" என்ற படிப்பில் பிசினஸ் அனலிட்டிக்ஸ், பொருளாதாரம், நிதிக் கணக்கியல் மூன்றும் சேர்ந்து வரும். ஒரு பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பாடமும் இதே வேலையைச் செய்யும்.

ரெஸ்யூமேயில் ஒரு வரி

பக்கம் ஒன்றே ஒன்று. உங்கள் நிலையில் இருப்பவர்கள் பொதுவாக இப்படி எழுதுவார்கள்: "தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆய்வுப் பணிகளுக்குப் பொறுப்பு, 6 பேர் கொண்ட குழுவை நிர்வகித்தல்."

இது பதவியின் விவரம். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் இதே வரியை எழுதலாம். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "சீல் கசிந்து திரும்பி வந்த பம்புகளை 7 மாதத்தில் 100-க்கு 4-லிருந்து 1.5-ஆகக் குறைத்தேன். ஷாஃப்ட் ரன்அவுட்தான் (சுழலும் தண்டு மையம் விலகி ஆடுவதுதான்) காரணம் எனக் கண்டறிந்து, லேத் பிரிவின் அளவீட்டு முறையை மாற்ற உற்பத்தி மேலாளரைச் சம்மதிக்க வைத்தேன்." எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் உண்மையான எண்ணைப் போடுங்கள். இந்த வரியில் கமிட்டியின் கண் நிற்கும் இடம் கசிவு இல்லை, "சம்மதிக்க வைத்தேன்" என்ற சொல். உங்களுக்குக் கீழே இல்லாத ஒருவரை, அதிகாரம் இல்லாமல், சான்று காட்டி வேலை செய்ய வைத்திருக்கிறீர்கள். தலைமைப் பண்பு என்று அவர்கள் தேடுவது இதைத்தான். தரக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இப்படிப்பட்ட சம்பவங்கள் ஏராளமாக இருக்கும். உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் வேலை உங்களுடையது, உற்பத்தியை ஓட்டச் சொல்லும் வேலை இன்னொருவருடையது. அந்த இழுபறியில் நடந்த 5 சம்பவங்களை எழுதி வையுங்கள். கட்டுரை, பரிந்துரை, நேர்முகம் மூன்றுக்கும் அதுவே மூலப்பொருள்.

எதையும் கூட்டி எழுதாதீர்கள். பல கல்லூரிகள் தனி நிறுவனம் வைத்து வேலைத் தேதி, பதவி, சம்பளத்தைச் சரிபார்க்கின்றன. இடம் கொடுத்த பிறகும் திரும்பப் பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு.

"நீயே எழுதிக்கொண்டு வா"

இதைச் செய்யாதீர்கள். பரிந்துரைப்பவர் தானே எழுத வேண்டும் என்பதைப் பல கல்லூரிகள் விதியாகவே வைத்திருக்கின்றன. மீறியது தெரிந்தால் விண்ணப்பம் போய்விடும். விதியை விட்டாலும், நீங்கள் உங்களைப் பற்றி எழுதினால் அடக்கம் காரணமாக மங்கலாகத்தான் எழுதுவீர்கள். இரண்டு கடிதங்களும் உங்கள் கட்டுரையும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.

மேலாளர் அப்படிச் சொல்வது பெரும்பாலும் நேரமில்லாததாலும், என்ன எழுதுவதென்று தெரியாததாலும்தான். அந்த இரண்டையும் நீங்கள் தீர்த்து வையுங்கள். பல கல்லூரிகள் பொதுவான ஒரே பரிந்துரைப் படிவத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் முக்கியமாகக் கேட்பது: விண்ணப்பதாரரை உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் நிலையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் எப்படி? அவருக்கு நீங்கள் சொன்ன முக்கியமான திருத்தம் எது, அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? இந்தக் கேள்விகளை அச்செடுத்து, நான் சொன்ன 5 சம்பவங்களையும் தேதியோடு ஒரு பக்கத்தில் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். "சார், அந்த சீல் பிரச்சினையின்போது முதலில் என்னைக் கடிந்துகொண்டீர்களே, அதை அப்படியே எழுதலாம்" என்று சொல்லுங்கள். திருத்தம் பற்றிய கேள்விக்கு நேர்மையான பதில்தான் கடிதத்துக்கு உயிர் தரும். கடைசித் தேதிக்கு 8 வாரம் முன்பே தொடங்குங்கள். இத்தனைக்கும் பிறகு அவர் மறுத்தால், உங்கள் வேலையை நெருக்கமாகப் பார்த்த பழைய மேலாளரிடமோ வேறு பிரிவின் தலைவரிடமோ போகலாம். நேரடி மேலாளர் எழுதாததற்கான காரணத்தை ஒரு வரியில் குறிப்பிட்டுவிடுங்கள். பெரிய பதவியில் இருந்தும் உங்களைத் தெரியாதவரின் கடிதத்தால் பயனில்லை.

ஓராண்டா, ஈராண்டா?

செலவை உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளத்தை ஓர் அலகாக வைத்துப் போட்டுப் பாருங்கள், எந்த நாணயத்தாலும் குழப்பம் வராது. உதாரணமாக, ஓராண்டுப் படிப்புக்குக் கட்டணமும் தங்கும் செலவும் 5 அலகு, விட்டுப்போகும் சம்பளம் 1, ஆக 6. ஈராண்டுக்குக் கட்டணமும் செலவும் 8, விட்டுப்போகும் சம்பளம் 2, இன்டர்ன்ஷிப்பில் திரும்ப வருவது 1, ஆக 9. அந்த 3 அலகு வேறுபாடு, நடுவில் வரும் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு நீங்கள் கொடுக்கும் விலை. 10 முதல் 12 வாரம் புதிய துறையில் வேலை செய்து காட்டி, அதன் மூலமே நிரந்தர வேலையைப் பெறும் வழி அது. அதே துறையில் மேலே ஏற நினைப்பவருக்கு அந்த விலை வீண். துறை மாறும் உங்களுக்கு, வீணாகாது என்பது என் கருத்து.

நடுவழிகளும் உண்டு. இன்சியாட்டின் படிப்பு 10 மாதம்தான் என்றாலும் ஜனவரியில் சேர்பவர்களுக்கு நடுவில் இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி கிடைக்கிறது, ஆகஸ்டில் சேர்பவர்களுக்குக் கிடைப்பதில்லை. லண்டன் பிசினஸ் ஸ்கூலில் 15 முதல் 21 மாதங்களுக்குள் முடிக்கும் நாளை நீங்களே தேர்ந்துகொள்ளலாம். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி மூன்றும் ஓராண்டு.

உங்கள் பட்டியலில் இருக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. எம்ஐடியின் "லீடர்ஸ் ஃபார் குளோபல் ஆபரேஷன்ஸ்" இரண்டு ஆண்டில் எம்பிஏவோடு ஒரு பொறியியல் முதுகலைப் பட்டமும் தருகிறது. கூட்டு நிறுவனம் ஒன்றில் 6 மாத இன்டர்ன்ஷிப் அதன் அங்கம். உற்பத்தித் தளத்திலிருந்து வருபவர்களுக்காகவே கட்டியது போன்ற படிப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராஸ் பிசினஸ் ஸ்கூலில் முதலாண்டிலேயே 7 வாரம் ஒரு நிறுவனத்தின் உண்மையான பிரச்சினையில் முழுநேரமாக வேலை செய்ய வைக்கிறார்கள். தரவரிசையின் மேலிருந்து கீழாகப் பெயர்களை எடுத்தால் இவை கண்ணில் படாமலே போகும்.

வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிப்பது

தரவரிசை பொய் என்று சொல்ல மாட்டேன். எதை அளக்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும். ஃபைனான்ஷியல் டைம்ஸ் பட்டியலில் பட்டம் பெற்று 3 ஆண்டு ஆனவர்களின் சம்பளமும், படிப்புக்கு முந்தைய சம்பளத்திலிருந்து வந்த உயர்வும் கனமான அம்சங்கள். அந்தச் சம்பளத்தை வாங்கும் சக்திக்கு ஏற்பத் திருத்திப் போடுகிறார்கள். விலைவாசி குறைந்த நாட்டில் சம்பாதிப்பவரின் தொகை டாலரில் பெரிதாகத் தெரியும். கடனை ஒரு நாணயத்தில் கட்டிச் சம்பளத்தை இன்னொன்றில் வாங்கப் போகிறவருக்கு அந்த எண் வழிகாட்டாது.

அதைவிடப் பயனுள்ளது கல்லூரியே வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கை. அதை எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். வகுப்பில் 200 பேர். "3 மாதத்தில் 85 விழுக்காட்டினருக்கு வேலை" என்று முகப்பில் எழுதியிருக்கிறது. 85 விழுக்காடு எதில்? நிறுவனமே அனுப்பி வைத்தவர்கள், சொந்தத் தொழில் தொடங்கியவர்கள், வேலை தேடவில்லை என்று சொன்னவர்கள் என 60 பேரைக் கழித்துவிட்டார்கள். மீதி 140-ல் 119 பேர். அந்த 119-லும் சம்பளத்தைச் சொன்னவர்கள் 71 பேர்தான். நடுச் சம்பளம் என்று போட்டிருப்பது அந்த 71 பேருடையது. இன்னும் உள்ளே போங்கள். வேலை தேடிய 140-ல் உள்நாட்டவர் 90, அவர்களில் 84 பேருக்குக் கிடைத்தது, 93 விழுக்காடு. வெளிநாட்டவர் 50, அவர்களில் 35 பேருக்கு, 70 விழுக்காடு. நீங்கள் சேரப்போவது இந்த இரண்டாவது வரிசையில். முகப்பில் இருக்கும் 85 உங்களுக்கான எண்ணே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் பல இந்தப் பிரிப்பை அறிக்கையின் உள்பக்கத்தில் தருகின்றன. தராத கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறார்களா, சுற்றி வளைக்கிறார்களா என்பதும் ஒரு தகவல்தான்.

கன்சல்டிங் போனவர்கள் 30 விழுக்காடு என்று இருந்தால், அவர்களில் எத்தனை பேர் கன்சல்டிங்கிலிருந்தே வந்து அங்கேயே திரும்பியவர்கள் என்று பாருங்கள். இதை அறிக்கை சொல்லாது. லிங்க்டுஇன்னில் கல்லூரிப் பெயரையும் ஆண்டையும் போட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்து இப்போது நீங்கள் விரும்பும் வேலையில் இருப்பவர்களைத் தேடுங்கள். கடைசி 3 பேட்சுகளில் அப்படி 3 பேர் கூடக் கிடைக்காத கல்லூரியை அடித்துவிடுங்கள், பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும். கிடைத்தவர்களிடம் 20 நிமிடம் கேளுங்கள். "கல்லூரி எப்படி?" என்றால் "அருமை" என்றுதான் வரும். "உங்கள் வேலை கல்லூரி வழியாக வந்ததா, நீங்களே பிடித்ததா? எத்தனை இடத்தில் விண்ணப்பித்தீர்கள்? விசா என்றதும் விலகிய நிறுவனங்கள் எத்தனை? உங்கள் நண்பர்களில் வேலை கிடைக்காதவர் என்ன செய்கிறார்?" என்று கேளுங்கள். அந்த உரையாடல்களில் கேட்ட விவரமே பிறகு "ஏன் எங்கள் கல்லூரி?" என்ற கட்டுரையில் உண்மையான வரிகளாக வந்து நிற்கும்.

வேலை அனுமதி விதியை நாடுவாரியாகப் பாருங்கள். அமெரிக்காவில் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) வகையில் சேர்க்கப்பட்ட எம்பிஏ என்றால் படிப்புக்குப் பிந்தைய 12 மாத அனுமதியோடு மேலும் 24 மாதத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஒரே கல்லூரியில் சில பிரிவுகள் மட்டும் ஸ்டெம்மாக இருக்கலாம். இந்த விதிகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்நாட்டு அரசின் பக்கத்தில் படித்து உறுதி செய்யுங்கள்.

கற்பிக்கும் முறையும் உங்கள் இயல்புக்குப் பொருந்த வேண்டும். ஹார்வர்டில் ஏறக்குறைய எல்லாமே கேஸ் முறை, அதாவது உண்மையான நிறுவனச் சூழல் ஒன்றை வகுப்பில் விவாதித்துப் படிப்பது, சுமார் 90 பேர் வகுப்பில் கை தூக்கிப் பேசுவதற்கே மதிப்பெண்ணில் பெரும்பங்கு. ஐஎம்டியில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு பேர்தான். எது உங்களை வளர்க்கும் என்று ஒரு மாதிரி வகுப்பில் உட்கார்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி நாட்காட்டி

பிப்ரவரி வரை ஜிமேட். தேவைப்பட்டால் மார்ச்சில் இன்னொரு முறை. மார்ச் முதல் ஜூன் வரை அலும்னி (முன்னாள் மாணவர்) உரையாடல்கள், புள்ளியியல் அல்லது கணக்கியல் படிப்பு. இதற்கிடையே அலுவலகத்தில் பிரிவு தாண்டிய வேலை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள், சப்ளையர் தரப் பிரச்சினையாக இருந்தால் நல்லது. ஜூலையில் பரிந்துரைப்பவர்களோடு பேச்சு. ஜூலை, ஆகஸ்டில் கட்டுரைகள். செப்டம்பர் சுற்றில் 3 கல்லூரி, அதன் முடிவைப் பார்த்து ஜனவரியில் 2 அல்லது 3. எட்டு வேண்டாம். பட்டப்படிப்பு ஆங்கில வழி என்றால் டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வு தேவையா என்று முதலிலேயே கேளுங்கள், பல இடங்களில் விலக்கு உண்டு. எழுத நேர்ந்தால் அந்த ஸ்கோர் 2 ஆண்டுதான் செல்லும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் சான்றிதழ் வாங்க எதிர்பாராத அளவு நாளாகும், அதை மே மாதமே கேட்டுவிடுங்கள்.

நேர்முகத்தில் உங்களைப் போன்றவர்கள் சறுக்கும் இடம் "நாங்கள்" என்ற சொல். குழுவாக வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு "நான்" என்று சொல்லக் கூச்சம். ஆனால் கேட்பவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் தெரிய வேண்டும். சில கல்லூரிகளில் நேர்முகம் காண்பவர் ரெஸ்யூமே மட்டும் பார்த்திருப்பார், ஹார்வர்ட் போன்ற இடங்களில் முழு விண்ணப்பத்தையும் படித்துவிட்டு வருவார். எந்த வகை என்று முன்பே தெரிந்துகொண்டு, 5 சம்பவங்களையும் ஒவ்வொன்றும் 2 நிமிடத்துக்குள் சொல்லிப் பழகுங்கள். மனப்பாடம் வேண்டாம். குறுக்கே ஒரு கேள்வி வந்தால் மனப்பாடம் உடைந்துபோகும்.

இரண்டு இடங்களில் கிடைத்து, ஒன்றில் மட்டும் உதவித்தொகை வந்தால், மற்றதற்கு அந்தக் கடிதத்தை இணைத்து, "உங்களிடமே சேர விரும்புகிறேன், உதவித்தொகையை மறுபரிசீலிக்க முடியுமா?" என்று மரியாதையாக எழுதுங்கள். கேட்டதற்காக இடத்தைப் பறிக்க மாட்டார்கள். முன்பணம் கட்டும் தேதிக்கு முன் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்ப வராது. காத்திருப்போர் பட்டியலில் போட்டால், கூடுதல் விவரம் ஏற்கிறார்களா என்று பார்த்து, ஏற்றால் உயர்ந்த ஸ்கோரையோ புதிய பொறுப்பையோ மட்டும் ஒரு பக்கத்தில் தெரிவியுங்கள். அலுவலகத்தில் ராஜினாமா கடிதத்தை, கடன் ஒப்புதலும் விசாவும் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். நோட்டீஸ் காலம் 3 மாதம் என்றால் அதைக் குறைத்து விடுவிக்க முடியுமா என்பதை ஜனவரியிலேயே மனிதவளத் துறையிடம் பேசி, எழுத்தில் வாங்கி வையுங்கள்.